கைமாத்து

வியாசர்பாடியில் எட்டு வீட்டுக் குடியிருப்பு.
இருபத்திரண்டு நிமிடம் எண்ணி
மோட்டாரை நிறுத்த வேண்டிய எங்கள் பலகை
சில நாள் நிறுத்துவதில்லை.
மூன்றாம் மாடி பல்கீஸ் போனில் சொன்னார்:
"காயப்போட்ட யூனிஃபார்ம் எல்லாம் நனைஞ்சுபோச்சு மேடம்.
லாரிக்குக் காசு குடுத்து வாங்கின தண்ணி."

அம்பத்தூரில் எங்கள் மேசைமேல்
ஏழு நாள் ஓடவிட்டுப் பார்த்தோம்.
ஏழு நாளும் நல்ல பிள்ளை.
மேசையில் மோட்டார் இல்லை,
அதன் இடத்தில் ஒரு சிவப்பு பல்புதான் என்பதை
கடைசியாகத்தான் கவனித்தேன்.

ஆசிலோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
பெரம்பூர் பாலத்தின் ஒவ்வொரு மேட்டுக்கும்
ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தபடி
ஆட்டோவில் போனேன்.
படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டிகள்.
பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்
முனிரத்தினத்தின் மாவுக்கடை.
"கிரைண்டரை ஒருதரம் போடுங்க" என்றேன்.
போட்டார்.

திரையில் ஐந்து வோல்ட் கோடு
நேராகத்தான் இருந்தது, வெறும் பார்வைக்கு.
ஒரு நொடியை நூறு கோடியாகக் கிழித்து
அதில் ஐம்பது துண்டை மட்டும் விரித்தபோது
பள்ளம் தெரிந்தது.
ஐந்து, இரண்டாக விழுந்து
ஏழாக எம்பி
மறுபடி ஐந்தாகி
ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

பதினெட்டாம் நிமிடத்தில் மாவு அரைத்தால்
சில்லுக்குப் பதினெட்டும் போய்விடும்.
தொட்டி காலி என்று நம்பி
ஒன்று, இரண்டு என்று தொடங்கும்.
மேலே வழிவது அதற்கு எப்படித் தெரியும்?

கெபாசிட்டர் இல்லாமல் இல்லை.
எபினேசர் வரைந்த பலகை.
ஆறு கெபாசிட்டர், ஓரமாக,
பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசை.
அழகு. நானும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.
சில்லின் காலுக்கும் அந்த வரிசைக்கும்
இரண்டு அங்குலம்.

இரண்டு அங்குலம் ஒரு தூரமா?
ஐம்பது துண்டு நேரத்துக்குள் கேட்பவனுக்கு
அது செங்கல்பட்டு.

இருபத்தெட்டாம் தேதி
சிலிண்டர்காரர் வாசலில் நிற்கும்போது
வங்கியில் இருப்பது பணமில்லை.
எதிர் வீட்டில் இருக்கும் ஐந்நூறுதான் பணம்.
எதற்கென்று கேட்காமல் நீட்டுகிற,
ஒன்றாம் தேதி
அதே போலப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்கிற
ஐந்நூறு.
கல்லூரியில் டீகப்ளிங் என்று படித்தேன்,
பதினாறு மதிப்பெண் கேள்வி.
எங்கள் தெருவில் இதன் பெயர் கைமாத்து.

ரிச்சி தெருவில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தேன்.
துவரம்பருப்பு அளவு, கிட்டத்தட்ட அந்த நிறம்,
நெற்றியில் 104.
பலகையைத் திருப்பி
ஏழாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் குறுக்கே
கம்பியை ஒட்ட நறுக்கிப் பற்றவைத்தேன்.
பல்கீஸ் செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
ஈயப் புகை அவர் முகத்துப் பக்கமே போனது,
நகரவில்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

இதே வரிசை, இதே அழகோடு
கொளத்தூர், மாதவரம், வில்லிவாக்கம்
படிக்கட்டுகளுக்கு அடியில்
இன்னும் நூற்று முப்பத்தொன்பது பலகை
தொங்கிக்கொண்டிருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

மறுபடி கிரைண்டர்.
கோடு ஒரு முறை சிலிர்த்தது.
விழவில்லை.
பதினெட்டு.
பத்தொன்பது.

எபினேசருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.
அவன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி
என் கையெழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

கிளம்பும்போது முனிரத்தினம்
ஒரு பாக்கெட் மாவை நீட்டினார்.
என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்,
அவரிடம் சில்லறை இல்லை.
"அப்புறம் குடும்மா, எங்க போயிடப் போற?"

மாவு நன்றாகவே பொங்கியிருந்தது.
அந்த நாற்பது ரூபாயை
இன்னும் கொடுக்கவில்லை.